‘கோமா’ என்று மருத்துவர் சொல்லும்போது

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் உறவினர்கள் மருத்துவரைக் கண்டவுடன் கேட்கும் கேள்விகளுள் முதலிடம் பெறுவது, “அப்பா கோமாவுக்குப் போயிட்டாரா, டாக்டர்?” என்பதாகும். கேட்பவர் அறிய விரும்புவது ஒரு சொல்லின் பொருளை அன்று. அவர் பிழைப்பாரா, மீண்டும் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பாரா, நகையை அடகு வைத்தேனும் சிகிச்சையைத் தொடர வேண்டுமா, வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிட வேண்டுமா என்பன எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. மருத்துவர் ‘ஆம்’ என்றால், எல்லாம் முடிந்துவிட்டது என்று சிலர் எண்ணுகின்றனர். வேறு சிலர், திரைப்படத்தில் காண்பதுபோல என்றேனும் ஒருநாள் கண் விழித்து எழுந்து அமர்ந்துவிடுவார் என்று நம்புகின்றனர். அச்சொல் இவ்விரண்டையும் சொல்வதில்லை. இந்த நேரத்தில் மூளை எந்நிலையில் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஏன் அந்நிலை வந்தது, இனி என்ன ஆகும் என்பவற்றைத் தனியே கேட்டுத்தான் அறிய வேண்டும்.

கோமா ஒரு கிரேக்கச் சொல். ஆழ்ந்த உறக்கம் என்பது அதன் பொருள். ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல்களிலேயே அது வருகிறது. தமிழில் ஆழ்மயக்கம் என்று எழுதுகிறோம். நாளிதழ்கள் ‘கோமா நிலை’ என்கின்றன. வீட்டில், ‘நினைவு தப்பிவிட்டது’ என்றும் ‘பேச்சு மூச்சு இல்லாமல் கிடக்கிறார்’ என்றும் சொல்கிறோம். ‘மயக்கம்’ என்ற சொல்லோ நம்மிடம் மிகப் பரந்து கிடக்கிறது. தலைசுற்றல் மயக்கம், வெயிலில் நின்று விழுந்து ஒரு நிமிடத்தில் எழுந்துகொள்வதும் மயக்கம், அறுவைச் சிகிச்சைக்கு முன் தருவது மயக்க மருந்து. ஒன்றோடொன்று கலந்து நிற்பதை இலக்கண ஆசிரியர்கள் மயக்கம் என்றனர். அவசர சிகிச்சைப் பிரிவில் இச்சொல் செய்யும் வேலையும் ஏறத்தாழ அதுவே. “மயக்கமா இருக்கார்” என்று நீங்கள் சொன்ன பின்பும், தட்டினால் கண் திறந்தாரா, பெயர் கேட்டால் சொன்னாரா, எப்போதிலிருந்து இப்படி என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

உறக்கமும் ஆழ்மயக்கமும்

பெயர்ப்பொருள் உறக்கம் என்றாலும், கோமா உறக்கம் ஆகாது. உறங்குபவரைப் பெயர் சொல்லி அழைத்தால், அதற்கும் அசையாவிட்டால் உலுக்கினால், விழித்துக்கொள்வார். கோமாவில் இருப்பவர் அழைப்புக்கோ வலிக்கோ கண் திறப்பதில்லை. சொல்வதைக் கேட்டுச் செய்வதில்லை. உறக்கமும் விழிப்பும் மாறிமாறி வரும் நாளொழுங்கும் அவருக்கு நின்றுபோகிறது.

நாம் ‘நினைவு’ என்று ஒன்றாகச் சொல்வதில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று, விழித்திருத்தல். மற்றொன்று, தன்னையும் சுற்றத்தையும் உணர்தல். விழிப்பைத் தூண்டும் நரம்புப் பின்னல் மூளைத்தண்டில் இருக்கிறது என்பதை ஜுசெப்பே மொருட்ஸி, ஹோரஸ் மாகூன் என்ற இரு அறிஞர்கள் 1949இல் காட்டினர். உணர்வுக்குப் பெருமூளையின் இருபாதிகளும் அவற்றின் இணைப்புகளும் வேண்டும். வீட்டின் மெயின் சுவிட்சு மூளைத்தண்டில் இருக்கிறது, விளக்குகள் பெருமூளையில் இருக்கின்றன என்று உறவினர்களிடம் நான் சொல்வதுண்டு. மெயின் அணைந்தாலும் இருள்தான். எல்லா விளக்குகளும் ஒருசேரக் கெட்டாலும் இருள்தான். ஓர் அறையின் விளக்கு மட்டும் கெட்டால் வீடு இருளாவதில்லை. பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்தவர் பெரும்பாலும் விழிப்போடு இருப்பதன் காரணம் இதுவே.

மெயினை அணைப்பவை பல: தலைக்காயம், மூளையில் குருதிக்கசிவு, மூளைக்காய்ச்சல், நஞ்சு, சிறுநீரகமோ கல்லீரலோ செயலிழத்தல், குருதியில் சோடியம் குறைதல், நின்றுபோன இதயத்தை மீண்டும் இயக்கும்வரை மூளைக்கு உயிர்வளி கிடைக்காமை. நம்மூரில் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. சர்க்கரை நோய்க்கான மாத்திரையை விழுங்கிவிட்டு, பசியில்லை என்று காலை உணவைத் தவிர்த்த முதியவர் நண்பகலில் பேச்சு மூச்சின்றிக் கொண்டுவரப்படுகிறார். விரல் நுனியில் ஒரு சொட்டுக் குருதி எடுத்துச் சர்க்கரை அளவு பார்க்கிறோம், மிகக் குறைந்திருக்கிறது. நரம்பு வழியே குளுக்கோஸ் செலுத்திய சில நிமிடங்களில் அவர் கண் திறந்து, தான் எங்கிருக்கிறேன் என்று கேட்கிறார். அதுவும் கோமாதான். இதயம் நின்று நெடுநேரம் மூளை வாடிய ஒருவர் அடுத்த கட்டிலில் அதே போல அசைவின்றிக் கிடப்பார், அதுவும் கோமாதான். பெயர் ஒன்று, வழிகள் முற்றிலும் வேறு. ஆகவே “கோமாவா?” என்று கேட்டதற்கு அடுத்த மூச்சிலேயே “எதனால்?” என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கான விடையில்தான் உங்கள் முடிவுகளுக்கு வேண்டிய செய்தி இருக்கிறது.

கேஸ் ஷீட்டில் உள்ள எண்

செவிலியர்கள் சில மணிக்கு ஒருமுறை ஓர் எண்ணைக் குறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கிளாஸ்கோ அளவுகோல். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய கிரஹாம் டீஸ்டேல், பிரயன் ஜெனட் என்ற மருத்துவர்கள் 1974இல் வகுத்தது. ‘ஓரளவு மயக்கம்’, ‘நல்ல மயக்கம்’ என்று ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு விதமாக எழுதிவந்த குழப்பத்தை அது நீக்கியது. கண் திறத்தலுக்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, கை கால் அசைவுக்கு 6 வரை மதிப்பெண். முழு நினைவு என்றால் 15. எட்டும் அதற்குக் கீழும் கோமா என்று பொதுவாகக் கொள்கிறோம். மிகக் குறைந்த மதிப்பெண் 3. பூச்சியம் என்பதே இந்த அளவுகோலில் இல்லை. “மூன்றாவது வாங்கியிருக்கிறாரே” என்று ஆறுதல் கொள்ளும் உறவினருக்கு இதை விளக்குவது எங்களுக்கு எளிதான வேலையன்று.

தொண்டையில் குழாய் இருப்பவரால் பேச முடியாது. பேச்சுக்கான மதிப்பெண்ணை அப்போது கணக்கிட இயலாது. ஆகவே வென்டிலேட்டரில் இருப்பவரின் எண்ணை, அடுத்த கட்டில்காரரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். அவருடைய நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுவதே பயன் தரும். நகத்தின் மீதும் புருவ எலும்பின் மீதும் நாங்கள் அழுத்துவது காண்பவர்க்குக் கொடுமையாகத் தோன்றக்கூடும். வலிக்கும் இடத்தை நோக்கி நோயாளியின் கை வருகிறதா, விலகுகிறதா, வெறுமனே விறைக்கிறதா என்பதை அறிய வேறு வழி இல்லை.

இன்னொரு நிலையையும் உறவினர்கள் கோமா என்றே அழைக்கின்றனர். சுவாசக் குழாயைத் தாங்கவும், மூளையின் அழுத்தம் ஏறாமல் காக்கவும் நாங்களே மருந்து செலுத்தி நோயாளியை உறங்க வைத்திருப்பது அது. மருந்தைக் குறைத்துப் பார்த்த பிறகே அவருடைய உண்மையான நினைவுநிலையைச் சொல்ல இயலும். “இது நோயினால் வந்த மயக்கமா, மருந்தினால் வந்ததா?” என்று கேட்கத் தயங்காதீர்கள்.

கோமாபோலத் தோன்றும் கட்டுவிரியன் கடி

தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களை அறிந்த மருத்துவர்கள் மறக்கக் கூடாத ஒன்றை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்து உறங்குபவரைக் கடிக்கிறது. கடிவாயில் வீக்கமோ பெரிய வலியோ இருப்பதில்லை. பற்குறிகூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, பின்பு இமைகள் தொங்குதல், நாக்குக் குழறுதல், விழுங்க முடியாமை, முடிவில் மூச்சு நிற்றல். அதன் நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பை அறுக்கிறது. கண் திறக்க முடியவில்லை, கை அசைக்க முடியவில்லை, வலிக்கு முகம் சுளிக்கக்கூட முடியவில்லை. கண்மணிகளும் விரிந்து ஒளிக்குச் சுருங்காமல் இருக்கலாம். அளவுகோலில் அவருக்கு 3 கிடைக்கும். ஆனால் மூளைக்கு எந்தக் கேடும் இல்லை. சுற்றி நின்று பேசுவதெல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டிருக்கிறது.

இத்தகையோர் நஞ்சுமுறி மருந்தோடும் சில நாட்கள் செயற்கைச் சுவாசத்தோடும் எழுந்து நடந்து வீடு திரும்புகின்றனர். ‘கோமா, இனிப் பயனில்லை’ என்று எவரேனும் தவறாகக் கொண்டு சுவாசக் கருவியை நீக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தரையில் படுத்திருந்தார், தோட்டத்து வீட்டில் உறங்கினார், காலையில் வயிறு வலித்தது என்பன போன்ற சிறு செய்திகளை எங்களிடம் சொல்லுங்கள். உங்களுக்கு அற்பமாகத் தோன்றும் அச்செய்தி ஸ்கேன் படத்தில் வராது.

மூளைத்தண்டின் ஒரு பகுதியில் ஏற்படும் பக்கவாதமும் இவ்வாறு ஒருவரை உடலுக்குள் பூட்டிவிடக்கூடும். பிரெஞ்சு இதழாசிரியர் ழான் டொமினிக் போபி 1995 டிசம்பரில் அந்நிலைக்கு ஆளானார். எழுத்துகளை ஒருவர் வரிசையாகச் சொல்லச் சொல்ல, வேண்டிய எழுத்தில் இடக்கண்ணை இமைத்து ஒரு நூலையே எழுதி முடித்தார். அது 1997இல் வெளிவந்தது. அசைவற்றுக் கிடப்பவரிடம் “மேலே பாருங்கள், கீழே பாருங்கள், கண்ணை இமையுங்கள்” என்று நாங்கள் சொல்லிப் பார்ப்பது இதனால்தான்.

கண் திறந்த பிறகு

கோமா ஆண்டுக்கணக்கில் நீடிப்பது மிக அரிது. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் மூன்றில் ஒன்று நிகழ்கிறது: நோயாளி படிப்படியாக நினைவு திரும்புகிறார், அல்லது உயிர் பிரிகிறது, அல்லது கண் திறக்கிறார், ஆயினும் உணர்வு திரும்புவதில்லை. இம்மூன்றாவது நிலையே குடும்பங்களை மிகுதியாக அலைக்கழிக்கிறது. கண்கள் திறந்து மூடுகின்றன, கொட்டாவி விடுகிறார், சில வேளைகளில் கண்ணீர் வழிகிறது, உள்ளங்கையில் விரலை வைத்தால் பற்றிக்கொள்கிறார். ஆனால் பார்வை நம்மைத் தொடர்வதில்லை.

இதற்கு ஜெனட்டும் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் பிரெட் பிளம்மும் 1972இல் ‘வெஜிடேட்டிவ் நிலை’ என்று பெயரிட்டனர். மூச்சு, செரிமானம், உறக்க ஒழுங்கு போன்ற உயிர்ப்புத் தொழில்கள் நடக்கின்றன என்பதே அவர்கள் கருதிய பொருள். ஆனால் ஒரு மனிதரைக் காய்கறியோடு ஒப்பிடுவதாகவே அச்சொல் செவியில் விழுகிறது. 2010இல் ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் ‘மறுமொழியற்ற விழிப்புநிலை’ என்னும் பொருள்படும் மாற்றுப் பெயரை முன்வைத்தனர். நான் உறவினர்களிடம் அப்பெயரையே பயன்படுத்துகிறேன். முன்பு ஓராண்டு கடந்தால் ‘நிரந்தரம்’ என்று அடைமொழி சேர்த்தனர். தாமதமாகவும் சிலர் முன்னேற்றம் காண்பதால், 2018இல் அமெரிக்க நரம்பியல் கழகம் ‘நிரந்தரம்’ என்பதை விடுத்து ‘நாட்பட்ட’ என்று சொல்லுமாறு பரிந்துரைத்தது. தலைக்காயத்தால் வந்த நிலைக்கு மீட்சி வாய்ப்பு ஒப்பளவில் மிகுதி. உயிர்வளிக் குறைவால் வந்ததற்குக் குறைவு.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் கொடிய தாக்குதலுக்கு உள்ளாகி மூளைச் சேதமுற்றார். 2015 மே 18ஆம் நாள் மறையும்வரை அவருடன் பணிபுரிந்தோரும் பின்வந்த செவிலியரும் அவரைப் பேணினர். ‘42 ஆண்டுகள் கோமாவில் இருந்தவர்’ என்றே நாளிதழ்கள் எழுதின. ஆனால் அவர் கண் திறந்திருந்தார், வாயில் இட்ட உணவை விழுங்கினார். வெஜிடேட்டிவ் நிலைக்குரிய பெரும்பாலான கூறுகள் பொருந்துகின்றன என்றே 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற வழக்கில் மருத்துவர் குழு தெரிவித்தது. சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 42 ஆண்டுக் கோமா என்று படித்த ஒரு மகன், தன் தாயும் பத்தாண்டு இப்படியே கிடந்து பின் விழிப்பார் என்று கணக்கிடுகிறான். அங்கேதான் சொல்லின் பிழை ஒரு குடும்பத்தின் வாழ்க்கையைத் தொடுகிறது.

இதற்கும் முழு நினைவுக்கும் இடையில், எப்போதாவது ஒருமுறை சொன்னதைச் செய்யும் நிலை ஒன்று உண்டு. 2002இல் அதற்கு ‘குறையுணர்வு நிலை’ எனத்தக்க பெயர் வழங்கப்பட்டது. அதைக் கண்டுபிடிப்பதில் உறவினர்களே எங்களுக்கு முந்திக்கொள்வதுண்டு. நாள் முழுதும் அருகிருப்பவர்கள் அவர்கள் அல்லவா. ஒரு நுட்பம் சொல்கிறேன். “கையைப் பிடி” என்று சொல்லிப் பார்க்காதீர்கள். உள்ளங்கையைத் தொட்டாலே பற்றுவது அனிச்சைச் செயலாக இருக்கலாம். “கையை விடு” என்று சொல்லுங்கள். “இரண்டு விரலைக் காட்டு” என்று சொல்லுங்கள். அதற்கு மறுமொழி வந்தால், நேரத்தைக் குறித்துக்கொண்டு, கூடுமானால் கைப்பேசியில் பதிவுசெய்து எங்களிடம் காட்டுங்கள்.

மூளைச்சாவு கோமா ஆகாது

உறுப்புதானம் பற்றிய அச்சங்களில் பெரும்பகுதி இச்சொற்குழப்பத்திலிருந்து எழுகிறது. “கோமாவில் இருப்பவரின் உறுப்பை எடுத்துவிடுவார்களாமே” என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. இக்குழப்பத்துக்கு மருத்துவ உலகமும் பொறுப்பு. 1959இல் இரு பிரெஞ்சு மருத்துவர்கள் மூளை முற்றிலும் செயலற்ற நிலையைக் ‘கோமாவைக் கடந்த நிலை’ என்றனர். 1968இல் ஹார்வர்டு குழு அதனை ‘மீளாக் கோமா’ என்றே தலைப்பிட்டு எழுதியது.

கோமாவில் மூளை உயிரோடு இருக்கிறது. மூளைச்சாவில் மூளைத்தண்டு உட்பட மூளையின் செயல் மீளாதவாறு நின்றுவிட்டது. கருவி காற்றைச் செலுத்துவதால் மார்பு ஏறி இறங்குகிறது, இதயம் தன் இயல்பான தூண்டலால் துடிக்கிறது, உடல் சூடாக இருக்கிறது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி இடைவெளியில் இருமுறை சோதித்தே இதனைச் சான்றளிக்க வேண்டும். உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சைக் குழுவினர் அதில் பங்கேற்பதில்லை. சோதனைக்கு முன், மயக்க மருந்தின் விளைவோ, உடல் குளிர்ச்சியோ, நஞ்சோ, மேலே சொன்ன பாம்புக்கடியோ இல்லை என்று உறுதி செய்துகொள்கிறோம். சான்றளித்த பின்னரே உறுப்புதானம் பற்றிய பேச்சு எழும். மறுக்கும் உரிமையும் குடும்பத்துக்கு உண்டு.

சான்றிதழில் வரும் சொல்

தீவிர நோய்க் காப்பீடு எடுத்துள்ள குடும்பத்தினர் “கோமா என்று எழுதிக் கொடுங்கள்” என்று கேட்பதுண்டு. காப்பீட்டில் அச்சொல்லுக்கு ஒரு தனி வரையறை இருக்கிறது: தொடர்ந்து குறைந்தது 96 மணி நேரம் எத்தூண்டலுக்கும் மறுமொழி இன்மை, உயிர்காக்கும் கருவிகளின் தேவை, கோமா தொடங்கி குறைந்தது 30 நாட்களுக்குப் பின் மதிப்பிட்ட நிலையான நரம்புக் குறைபாடு. ஆகவே முதல் வாரத்தில் நாங்கள் தரும் சான்றிதழ் போதாது. முதல் நாளிலிருந்து உள்ள பதிவுகளின் நகல்களைப் பத்திரப்படுத்துங்கள். நோயாளியின் வங்கிக் கணக்கையோ சொத்தையோ கையாள வேண்டிய நெருக்கடி வந்தால், மனைவி மக்களுக்கும் தாமாக அவ்வுரிமை வந்துவிடாது. பாதுகாவலராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும். கேரள உயர் நீதிமன்றம் 2019இல் இதற்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது.

எப்போது தெரியும் என்ற கேள்விக்கு ஓர் அளவு சொல்ல முடியும். இதயம் நின்று மீண்டவர்களில், குறைந்தது 72 மணி நேரம் கடக்கும் முன் ‘இனி நினைவு திரும்பாது’ என்று முடிவுரைப்பதில்லை. தலைக்காயத்தில் வாரங்களும் மாதங்களும் பொறுத்திருக்க நேரும். “இப்போது சொல்ல முடியாது” என்று நாங்கள் சொன்னால், அடுத்து எந்நாளில், எந்தச் சோதனைக்குப் பின் சொல்ல முடியும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்கிறதா என்று கேட்பீர்கள். 2006இல் இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் குழுவினர், வெஜிடேட்டிவ் நிலையில் இருப்பதாகக் கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாக மனத்தில் எண்ணிக்கொள்ளச் சொன்னபோது, நலமுள்ளவர் மூளையில் இயங்கும் அதே பகுதி அவர் மூளையிலும் இயங்கியதைப் படமெடுத்துக் காட்டினர். 2024இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், வெளியே எம்மறுமொழியும் காட்டாத 241 பேரில் 60 பேர் இத்தகைய கட்டளைகளை மனத்தளவில் பின்பற்றினர். எல்லோரும் கேட்கிறார்கள் என்று இதனால் ஆகாது. ஆயினும் கட்டிலருகே நின்று மருத்துவச் செலவையும், பங்காளிப் பூசலையும், “இனி என்னத்துக்கு” என்பதையும் பேசாதீர்கள். பார்வை நேரத்தில் ஒருவர் பின் ஒருவராக, தம் பெயரைச் சொல்லி, என்ன கிழமை என்று சொல்லி, வீட்டில் வழக்கமாக அழைக்கும் முறையில் அழைத்துப் பேசுங்கள். அவர் மூக்குக் கண்ணாடியோ காதுக் கருவியோ அணிபவரானால், அதை வீட்டிலிருந்து எடுத்துவந்து, பெயர் எழுதிய பெட்டியில் செவிலியரிடம் கொடுத்து வையுங்கள். கண் திறந்த அன்று அது கையருகில் இருக்க வேண்டும்.